மாங்கா மண்டி கணக்க வெச்சு டேட்டாபேஸ் கத்துக்கலாம் வாங்க

பிசிஏ, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பசங்க பாதி பேர் டேட்டாபேஸ்னாலே எம்ப்ளாயீ டேபிள், டிபார்ட்மெண்ட் டேபிள்னு புக்ல இருக்குற அந்த ஒரே உதாரணத்த மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதிட்டு வந்துடறாங்க, அப்புறம் ஒரு கடைக்காரர் வந்து "தம்பி, எங்க கணக்குக்கு ஒண்ணு பண்ணித் தாப்பா"ன்னு கேட்டா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. அதனால நம்ம கண்ணு முன்னாடி இருக்குற கணக்கையே எடுத்துக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஏப்ரல் பொறந்தா ஜூலை வரைக்கும் மாங்கா சீசன், சந்தூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கமெல்லாம் மண்டியும் லோடு வண்டியுமா இருக்கும், அந்த மண்டில ஒரு நாளைக்கு எழுதுற சிட்டைய, அதாவது லோடுக்கு லோடு எழுதுற கணக்குச் சீட்ட, ஒழுங்கா டேட்டாபேஸ்ல போடத் தெரிஞ்சுட்டா பால் சொசைட்டி, தக்காளி மண்டி, மெடிக்கல் ஷாப், ஸ்கூல் ஃபீஸ் எதுவா இருந்தாலும் போட்டுடலாம். மண்டி வெச்சிருக்கவங்க, அங்க கணக்கு எழுதுறவங்களும் இதப் படிக்கலாம், கோடிங் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

முதல்ல ரெண்டு வார்த்தைய பிரிச்சுப் புரிஞ்சுக்கோங்க. டேட்டாபேஸ்ங்கறது உங்க தகவல், ஒரு ஒழுங்குல அடுக்கி வெச்சது. டிபிஎம்எஸ்ங்கறது (டேட்டாபேஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) அந்த தகவல பாத்துக்கற சாஃப்ட்வேர், அதாவது எழுதுறது, தேடறது, ரெண்டு பேர் ஒரே நேரத்துல கை வெச்சா கணக்கு கலையாம காக்கறது, தப்பான தகவல் வந்தா வாங்க மாட்டேன்னு சொல்றது எல்லாம் அதோட வேல. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் இதெல்லாம் டிபிஎம்எஸ். "எங்க மண்டில மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்"னு பேச்சுல சொல்றது பரவால்ல, ஆனா மைஎஸ்க்யூஎல் சாஃப்ட்வேர், உங்க வரவு செலவுதான் டேட்டாபேஸ். உங்க ஃபோன்ல வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் சேமிச்சு வெக்கிறதும் எஸ்க்யூலைட் ஃபைல்லதான், ஆக தெரியாமயே தினமும் டேட்டாபேஸ் யூஸ் பண்ணிட்டுத்தான் இருக்கீங்க.

எக்ஸெல் போதாதா?

மண்டி வெச்சிருக்குற அண்ணன் ஒருத்தர் கேட்டார், "ஏம்பா, எக்ஸெல்ல நல்லாத்தானே ஓடுது, அத விட்டுட்டு இது எதுக்கு"ன்னு. "ஒரே ஆளு, ஒரே கம்ப்யூட்டர், சின்னக் கணக்குன்னா எக்ஸெல்லே போதும்ணா, மாத்தவே வேணாம்"னுதான் சொன்னேன், அது உண்மையும் கூட. பிரச்சன எங்க வருதுன்னா கணக்கு வளரும்போது.

ஒரு விஷயம் காட்டறேன், நீங்களே இப்ப எக்ஸெல் திறந்து பண்ணிப் பாருங்க. சிட்டா, பட்டாவுல இருக்குற சர்வே நம்பர் 3/2ன்னு ஒரு கட்டத்துல அடிச்சு என்டர் தட்டுங்க. அது சர்வே நம்பரா நிக்காது, தேதியா மாறிடும், செட்டிங்க பொறுத்து பிப்ரவரி 3ன்னோ மார்ச் 2ன்னோ ஆகிடும். 112/2ஏன்னு இருந்தா மாறாது, ஏன்னா அத தேதியா படிக்க முடியாது, அதனால லிஸ்ட்ல பாதி சரியா இருக்கும் பாதி மாறியிருக்கும், இது இன்னும் மோசம், மேலாப்ல பாத்தா கண்ணுக்கே தெரியாது. கட்டத்த முன்னாடியே டெக்ஸ்ட்னு மாத்தி வெச்சா தடுக்கலாம், ஆனா அத ஞாபகம் வெச்சுப் பண்ண வேண்டியது நீங்க. டேட்டாபேஸ்ல அந்த காலம் (column, மேலேர்ந்து கீழ வரைக்கும் இருக்குற பத்தி) எழுத்துன்னு ஒரு தடவ சொல்லிட்டா முடிஞ்சது, யார் அடிச்சாலும் எழுத்தாவே நிக்கும்.

இத விடப் பெருசா ஒண்ணு 2020ல இங்கிலாந்துல நடந்துச்சு. கொரோனா டெஸ்ட் ரிசல்ட்ட அங்க சுகாதாரத்துறைல எக்ஸெல்லோட பழைய ஃபைல் வகையில ஏத்திட்டு இருந்தாங்க, அந்த பழைய வகை ஒரு ஷீட்டுல 65,536 வரிசைக்கு மேல வாங்காது, மீதிய சத்தமில்லாம விட்டுடும். 15,841 பேரோட பாசிட்டிவ் ரிசல்ட் கணக்குல சேராமயே போச்சு, அவங்களோட பழகினவங்களுக்கு நேரத்துல தகவல் போகல. இப்போ இருக்குற எக்ஸெல் பத்து லட்சம் வரிசைக்கு மேலயே தாங்கும், ஆனா எண்ணிக்கைய விட கவனிக்க வேண்டியது அந்த சத்தமில்லாம விட்டதுதான். நல்ல டிபிஎம்எஸ் முடியலன்னா முடியலன்னு எரர் குடுக்கும், பாதிய வாங்கிட்டு மீதிய விழுங்காது.

மொதல்ல பேப்பர், அப்புறம்தான் கம்ப்யூட்டர்

எல்லாரும் பண்றது என்னன்னா சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணிட்டு உடனே டேபிள் போட ஆரம்பிச்சிடறாங்க. அப்படி வேணாம், மண்டில எழுதுற ஒரு சிட்டைய எடுத்து முன்னாடி வெச்சுக்கோங்க. அதுல என்ன இருக்கும்? தேதி, விவசாயி பேரு, ஊரு, ஃபோன் நம்பர், ரகம், எடை, கிலோவுக்கு விலை, கமிஷன், இறக்குக்கூலி, முன்பணத்துல புடிச்சது, கையில குடுத்தது. உதாரணத்துக்கு பெங்களூரா ரகம் 1,240 கிலோ, கிலோ 18 ரூபா, மொத்தம் 22,320. கமிஷன் நூத்துக்குப் பத்துன்னு வெச்சா 2,232, கூலி 620, முன்பணத்துல 5,000, போக மீதி 14,468. இது ஒரு சிட்டை.

இத அப்படியே ஒரே டேபிள்ல ஒரு வரிசையா போட்டா என்ன ஆகும்? அதே விவசாயி சீசன்ல முப்பது லோடு கொண்டு வந்தா அவரு பேரு, ஊரு, ஃபோன் நம்பர் முப்பது தடவ அடிக்கணும். ஒரு நாள் கோவிந்தன்னு அடிப்பீங்க, ஒரு நாள் எஸ். கோவிந்தன், ஒரு நாள் கோவிந்தசாமி, அவசரத்துல ஒரு நாள் கோவிந்தண்ணன்னு கூட அடிச்சிருப்பீங்க. சீசன் முடிஞ்சு கணக்கு பாக்க வரும்போது கம்ப்யூட்டருக்கு அது நாலு ஆளு. ஃபோன் நம்பர் மாத்திட்டேன்னு சொன்னா முப்பது இடத்துல மாத்தணும், ரெண்டு இடம் விட்டுப் போச்சுன்னா இப்போ எது சரியான நம்பர்னு யாருக்கும் தெரியாது.

இதுக்குத்தான் டேபிள பிரிக்கிறது. ஒரு தகவல் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கணும், வேற எங்க தேவப்பட்டாலும் அந்த இடத்தோட எண்ண மட்டும் குறிச்சு வெக்கணும். இந்த யோசனைய முறையா எழுதினவர் எட்கர் காட், ஐபிஎம்ல வேல பாத்தவர், 1970ல. அதுக்கு முன்னாடி தகவல மரத்தோட கிளை மாதிரி அடுக்கி வெச்சாங்க, ஒரு தகவல எடுக்கணும்னா அது எந்தக் கிளைல இருக்குன்னு ப்ரோக்ராம் எழுதுறவருக்குத் தெரிஞ்சிருக்கணும். காட் சொன்னது, எல்லாத்தையும் வரிசையும் காலமும் இருக்குற டேபிளா வைங்க, என்ன வேணும்னு மட்டும் கேளுங்க, எப்படித் தேடி எடுக்கிறதுங்கறத சாஃப்ட்வேர் பாத்துக்கட்டும்னு. இதுக்காக 1981ல அவருக்கு கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது குடுத்தாங்க. இன்னிக்கு நீங்க யூஸ் பண்ற மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் எல்லாமே அந்த வழியில வந்ததுதான்.

சரி, நம்ம மண்டிக்கு எத்தன டேபிள்? சிட்டையப் பாத்து எது எது தனியா நிக்கிற விஷயம்னு கேளுங்க. விவசாயி ஒண்ணு, ஊரு ஒண்ணு, ரகம் ஒண்ணு, வரவு, அதாவது வந்த லோடு ஒண்ணு, பட்டுவாடா, அதாவது குடுத்த பணம் ஒண்ணு. பட்டுவாடாவ ஏன் வரவோட சேர்க்கலன்னா ஒரு லோடுக்கு மூணு தவணையா பணம் வாங்கிட்டுப் போவாங்க, இல்லன்னா லோடு வர்றதுக்கு முன்னாடியே தையிலயே முன்பணம் வாங்கியிருப்பாங்க, ரெண்டும் தனித்தனியா நடக்குற விஷயம், தனித்தனி டேபிள்.

ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு எண் குடுங்க, 1, 2, 3ன்னு. அதுக்குப் பேரு பிரைமரி கீ. பேரயே கீயா வெச்சுக்கலாமான்னா கூடாது, ஒரே ஊர்ல ரெண்டு மாதையன், மூணு முனியப்பன் இருப்பாங்க. ஃபோன் நம்பர்? அப்பாவும் பையனும் ஒரே நம்பர் குடுப்பாங்க, அடுத்த வருஷம் மாத்திடுவாங்க. ஆதார் நம்பர்? மாங்கா வாங்குறதுக்கு ஆதார் எதுக்கு, தேவயில்லாத தகவல வாங்கி வெச்சுக்கிட்டா அது கசிஞ்சா பாதிக்கப்படறது அந்த விவசாயி, தயவுசெஞ்சு வாங்காதீங்க. எந்த அர்த்தமும் இல்லாத ஒரு வெறும் எண்தான் நல்ல கீ, ஏன்னா அத மாத்த வேண்டிய அவசியமே வராது. வரவு டேபிள்ல விவசாயி_எண்னு ஒரு காலம் வெச்சு அந்த எண்ண மட்டும் போடுவோம், அது ஃபாரின் கீ. 17னு ஒரு விவசாயி இல்லவே இல்லன்னா 17 பேர்ல லோடு போட டிபிஎம்எஸ் விடாது, 17 பேர்ல லோடு இருக்கும்போது அவர டெலீட் பண்ணவும் விடாது.

ஊரத் தனி டேபிளா வெக்கிறது சின்ன மண்டிக்கு அதிகப்படியான்னு தோணும். நம்ம மாவட்டத்து கதையே இதுக்கு பதில். 2004 பிப்ரவரி வரைக்கும் கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை எல்லாம் தர்மபுரி மாவட்டம், அப்புறம் இந்த அஞ்சு தாலுகாவும் பிரிஞ்சு கிருஷ்ணகிரி மாவட்டம் ஆச்சு. ஒவ்வொரு ஆளோட அட்ரஸ்லயும் தர்மபுரி மாவட்டம்னு அடிச்சு வெச்சிருந்தவங்க ஆயிரக்கணக்கான வரிசைய தேடித் தேடி மாத்தணும், அதுலயும் பாலக்கோடு, பென்னாகரம் ஆளுங்கள மாத்தக் கூடாது. தாலுகான்னு ஒரு டேபிள், அதுல மாவட்டம்னு ஒரு காலம், ஊரு டேபிள்ல தாலுகா எண், விவசாயி டேபிள்ல ஊர் எண்னு வெச்சிருந்தா அஞ்சே வரிசை மாத்தினா வேல முடிஞ்சுது. பின்னாடி பர்கூர், சூளகிரி, அஞ்செட்டி தனித் தாலுகா ஆனப்பவும் அந்தந்த ஊருக்கு மட்டும் தாலுகா எண்ண மாத்தினா போதும், விவசாயி பக்கம் தொடவே வேணாம். இன்னொண்ணு, புதூர்னு நம்ம பக்கம் எத்தன ஊரு இருக்குன்னு உங்களுக்கே தெரியும், ஊருக்கு எண் இருந்தாதான் எந்தப் புதூர்னு குழப்பம் வராது.

விலைய எங்க வெக்கிறது

இங்கதான் நிறையப் பேர் தடுமாறுவாங்க. ஒரு தகவல் ஒரே இடத்துலன்னு சொன்னோம்ல, அப்போ பெங்களூரா விலைய ரகம் டேபிள்ல ஒரே இடத்துல வெச்சா போதும்னு தோணும். வெச்சா என்ன ஆகும்னா இன்னிக்கு 18 ரூபா, நாளைக்கு 15ன்னு மாத்துவீங்க, மாத்தின உடனே நேத்து வந்த லோடு, போன மாசம் வந்த லோடு எல்லாத்தோட மொத்தமும் 15ல கணக்காகிடும். விவசாயி கையில இருக்குற சிட்டை ஒண்ணு சொல்லும், உங்க கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லும், மண்டிக்கு இத விட கெட்ட பேரு வேற வேணுமா. இன்னிக்கு மார்க்கெட் விலங்கறது ஒரு தகவல், இந்த லோட என்ன விலைக்கு வாங்கினோம்ங்கறது வேற தகவல், ரெண்டும் ஒரே எண்ணா இருந்தாலும் ஒண்ணு கிடையாது. அதனால வாங்கின விலை வரவு டேபிள்ல, அந்த லோடு வரிசையிலயே நிக்கணும். கமிஷன் சதவீதமும் அப்படியே, அடுத்த வருஷம் மாறலாம்.

பாக்கிய மட்டும் எங்கயும் எழுதி வெக்காதீங்க. விவசாயி டேபிள்ல பாக்கின்னு ஒரு காலம் வெச்சா ஒவ்வொரு லோடுக்கும் ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் அத ஞாபகமா மாத்தணும், ஒரு தடவ விட்டுப்போனா அப்புறம் எந்த நாள்லேர்ந்து தப்புன்னு தேட முடியாது. வரவும் இருக்கு, பட்டுவாடாவும் இருக்கு, கேக்கும்போது கழிச்சுச் சொல்ல கம்ப்யூட்டருக்கு ஒரு கண் சிமிட்டற நேரம் கூட ஆகாது.

காலத்துக்கு என்ன வகை குடுக்கிறதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஃபோன் நம்பர் எழுத்து, ஏன்னா அத யாரும் கூட்டப் போறதில்ல. தேதிய 2025-05-12ன்னு வருஷம், மாசம், நாள் வரிசைல வைங்க, அப்போதான் எழுத்தா அடுக்கினாலும் சரியான வரிசைல நிக்கும். பணத்துக்கு ஃப்ளோட், அதாவது புள்ளி வெச்ச எண்ண தோராயமா வெக்கிற வகை, மட்டும் வேணவே வேணாம், அதுல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா சரியா 0.3 வராது, கடைசில ஒரு துளி பிசிறு நிக்கும், ஆயிரம் சிட்டை கூட்டும்போது அது பைசாவா வெளிய வரும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்ல டெசிமல் வகை இருக்கு, எஸ்க்யூலைட்ல அது கிடையாது, அதுல பைசாவா முழு எண்ணுல வெச்சுக்கோங்க, 18 ரூபான்னா 1800. தமிழ்ல பேரு அடிக்க, எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கற முறையான யூடிஎஃப்-8 இருந்தா போதும், மைஎஸ்க்யூஎல்ல யூடிஎஃப்8எம்பி4னு இருக்குறத தேர்ந்தெடுங்க, எட்டாவது வெர்ஷன்லேர்ந்து அதுவேதான் வரும்.

காலி கட்டத்துக்கும் சைபருக்கும் இருக்குற வித்தியாசத்த நல்லா பிடிச்சுக்கோங்க. விலை பேசாமயே எறக்கிட்டுப் போற லோடு இருக்கும், மாங்கூழ் ஃபேக்டரி விலை வந்தப்புறம் போட்டுக்கலாம்னு. அதுக்கு விலை சைபர்னு போடக் கூடாது, சைபர்னா சும்மா குடுத்தார்னு அர்த்தம், சராசரி விலை எடுக்கும்போது அது மொத்தத்தையும் கீழ இழுத்துடும். அங்க நல் (NULL)னு விடணும், நல்னா இன்னும் தெரியல. சராசரி, கூட்டுத்தொகை போடும்போது நல்னு இருக்குறத விட்டுட்டுத்தான் போடும். எந்தெந்த லோடுக்கு விலை போடலன்னு பாக்க விலை இஸ் நல்னு கேக்கணும், விலை = நல்னு கேட்டா ஒரு வரிசையும் வராது, தெரியாத ஒண்ணு தெரியாத இன்னொண்ணுக்கு சமமான்னு கேட்டா அதுவும் தெரியாதுன்னுதான் சொல்லும்.

இப்போ கம்ப்யூட்டர்ல

கத்துக்கறதுக்கு எஸ்க்யூலைட் எடுத்துக்கோங்க. ரிச்சர்ட் ஹிப்ங்கறவர் 2000ல வெளியிட்டது, காசு கிடையாது, சர்வர் கிடையாது, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். கூடவே டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்னு ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்கு, அதுல எக்ஸெல் மாதிரியே டேபிள பாத்துக்கிட்டு பக்கத்துல கட்டளையும் அடிச்சுப் பழகலாம். கட்டளை மொழி எஸ்க்யூஎல், ஐபிஎம்ல டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974ல கொண்டு வந்தது, அம்பது வருஷம் தாண்டியும் அதுதான் ஓடுது, இன்னிக்குக் கத்துக்கிட்டா சீக்கிரம் வீணாப் போகாது. இங்க படிக்கறதுக்கு வசதியா தமிழ் எழுத்துல போடறேன், அடிக்கும்போது கட்டளைய இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும். டேபிள் பேரு, காலம் பேரும் இங்கிலீஷ் எழுத்துல வைங்க, உள்ள இருக்குற தகவல் தமிழ்ல இருக்கட்டும்.

கிரியேட் டேபிள் வரவு (எண் இன்டீஜர் பிரைமரி கீ, தேதி டெக்ஸ்ட் நாட் நல், விவசாயி_எண் இன்டீஜர் நாட் நல் ரெஃபரன்சஸ் விவசாயி(எண்), ரகம்_எண் இன்டீஜர் நாட் நல் ரெஃபரன்சஸ் ரகம்(எண்), கிலோ இன்டீஜர் நாட் நல் செக் (கிலோ > 0), விலை_பைசா இன்டீஜர்);

நாட் நல்னா காலியா விடக் கூடாது, செக்னா அந்த நிபந்தன சரியா இருந்தாதான் வாங்கும். விலைக்கு மட்டும் நாட் நல் போடல, காரணம் மேலயே சொன்னேன். இது சுருக்கமான உதாரணம், கமிஷன் சதவீதம், கூலி காலத்தையும் இதுலயே சேத்துக்கோங்க. விவசாயி, ரகம் டேபிள முதல்ல உண்டாக்கிட்டு இத உண்டாக்குங்க. ஒரு முக்கியமான விஷயம், எஸ்க்யூலைட்ல ஃபாரின் கீ எழுதி வெச்சா மட்டும் போதாது, வழக்கமா அத செக் பண்ணாமத்தான் விடும், ஒவ்வொரு தடவ கனெக்ட் ஆனதும் ப்ராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன் அப்படின்னு ஒரு வரி குடுக்கணும். இது தெரியாம எல்லாம் காவல்ல இருக்குன்னு நம்பிட்டு இருக்குற ப்ரோக்ராம் நிறைய.

இன்சர்ட் வரிசை சேக்கறது, செலக்ட் கேக்கறது, அப்டேட் மாத்தறது, டெலீட் அழிக்கறது, தினசரி வேல இந்த நாலுதான்.

செலக்ட் சம்(கிலோ) ஃப்ரம் வரவு வேர் ரகம்_எண் = 1 அண்ட் தேதி >= '2025-05-01';

சம்னா கூட்டு, வேர்னா (where) எந்த வரிசை வேணும்னு சொல்ற நிபந்தன. பெங்களூராவோட ரகம் எண் 1ன்னு வெச்சா, மே ஒண்ணுலேர்ந்து பெங்களூரா எத்தன கிலோ வந்துச்சுன்னு கேட்டாச்சு. ரகவாரியா எல்லாத்துக்கும் ஒரே தடவைல வேணும்னா ரகம் கண்டிஷன எடுத்துட்டு குரூப் பை ரகம்_எண்னு கடைசில சேத்துக்கோங்க, அல்போன்சா, செந்தூரா, நீலம், பெங்களூரா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி வரும்.

அப்டேட், டெலீட் ரெண்டுக்கும் வேர் போட மறந்தா டேபிள்ல இருக்குற அத்தன வரிசையும் மாறிடும், கேக்காமயே மாத்திடும். அதனால முதல்ல அதே வேர் கண்டிஷனோட ஒரு செலக்ட் ஓட்டி எந்த வரிசை வருதுன்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் செலக்ட அழிச்சு அப்டேட்னு மாத்தி ஓட்டுங்க. இன்னும் நல்லது, கணக்கு சம்பந்தப்பட்டத டெலீட்டே பண்ணாதீங்க, ரத்துன்னு ஒரு காலம் வெச்சு அதுல குறிச்சிடுங்க, பழைய பேரேட்டுல கணக்குப்பிள்ளைங்க தப்பான வரிய கிழிச்செறிய மாட்டாங்க, படிக்கிற மாதிரி ஒரு கோடு போட்டுட்டு கீழ சரியானத எழுதுவாங்க, அதே ஒழுங்குதான்.

பிரிச்ச டேபிள திரும்ப சேத்துப் பாக்கறதுக்கு ஜாயின். வரவு டேபிள்ல 17னுதான் இருக்கும், பேரோட பாக்கணும்னா வரவு ஜாயின் விவசாயி ஆன் வரவு.விவசாயி_எண் = விவசாயி.எண்னு எழுதணும். வெறும் ஜாயின் போட்டா ரெண்டு பக்கமும் இருக்குறவங்க மட்டும்தான் வருவாங்க, முன்பணம் வாங்கிட்டு இன்னும் ஒரு லோடு கூட கொண்டு வராதவரு லிஸ்ட்லயே இருக்க மாட்டாரு, உங்களுக்கு முதல்ல தெரிய வேண்டியதே அவரத்தான். அதுக்கு விவசாயிய முன்னாடி வெச்சு லெஃப்ட் ஜாயின் போடணும், அப்போ லோடு இல்லாதவரும் வருவாரு, அந்தக் கட்டம் நல்னு நிக்கும்.

ஜாயின்ல இன்னொரு குழி இருக்கு, படிச்ச பசங்களே இதுல விழுவாங்க, அதனால நிதானமா பாக்கலாம். ஒரு விவசாயிக்கு மூணு லோடு, 40,000, 30,000, 20,000, மொத்தம் 90,000. அவருக்கு ரெண்டு தடவ பணம் குடுத்தாச்சு, 25,000, 15,000, மொத்தம் 40,000. பாக்கி 50,000. இப்போ விவசாயி, வரவு, பட்டுவாடா மூணையும் ஒரே செலக்ட்ல ஜாயின் பண்ணி சம் போட்டா ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு பட்டுவாடாவோடயும் ஜோடி சேந்து ஆறு வரிசை ஆகிடும். லோடு ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ எண்ணப்படும், 1,80,000. பணம் ஒவ்வொண்ணும் மூணு தடவ, 1,20,000. கழிச்சா 60,000. எரர் எதுவும் வராது, பாக்க நம்புற மாதிரி ஒரு தொகை வரும், ஆனா பத்தாயிரம் தப்பு. சரியான வழி வரவ மட்டும் விவசாயி வாரியா தனியா கூட்டி, பட்டுவாடாவ தனியா கூட்டி, ஆளுக்கு ஒரே வரிசைன்னு ஆனப்புறம் அந்த ரெண்டையும் ஜாயின் பண்றது. எந்த ரிப்போர்ட் எழுதினாலும் ஒரு விவசாயிய எடுத்து பேப்பர்ல கையால கூட்டிப் பாத்துட்டு அப்புறம் நம்புங்க.

கரண்ட் போனா?

ஒரு சிட்டை போடும்போது ரெண்டு இடத்துல எழுதணும், வரவுல லோடு, பட்டுவாடால குடுத்த பணம். முதல் வரிய எழுதி ரெண்டாவது எழுதறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா? லோடு ஏறியிருக்கும், பணம் குடுத்தது ஏறியிருக்காது, அதே பணத்த திரும்பக் குடுப்பீங்க. இதுக்குத்தான் டிரான்சாக்ஷன். பிகின்னு சொல்லி ஆரம்பிச்சு ரெண்டையும் எழுதி கமிட்னு முடிச்சா ரெண்டும் சேந்து ஏறும், நடுவுல எது நடந்தாலும் ரெண்டுமே ஏறாத மாதிரி பழைய நிலைக்குப் போயிடும், நீங்களே வேணாம்னு நினைச்சா ரோல்பேக். கமிட் ஆச்சுன்னு சொன்னப்புறம் கரண்ட் போனாலும் தகவல் இருக்கும். இந்த மாதிரி உறுதிகளத்தான் பரீட்சைல ஏசிட் (ACID) ப்ராப்பர்ட்டின்னு கேப்பாங்களே, ஹேர்டர், ராய்ட்டர்னு ரெண்டு பேர் 1983ல வெச்ச பேரு அது, அதுக்கு அடித்தளம் போட்டவர் ஜிம் கிரே. டிபிஎம்எஸ் குடுக்குற வசதியிலயே எனக்கு ரொம்ப மதிப்பு இதுமேலதான், ஒரு விவசாயியோட பணம் கரண்ட் கட்ட நம்பி இருக்கக் கூடாது.

ரெண்டு கவுண்டர்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல சிட்டை போடறாங்கன்னா எஸ்க்யூலைட்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும், இன்னொருத்தர் காத்திருக்கணும். அந்த ஃபைல நெட்வொர்க் ஷேர்ல போட்டு நாலு கம்ப்யூட்டர்லேர்ந்து திறக்கறது ஆபத்து, ஃபைலே கெட்டுப் போகலாம். அந்த கட்டத்துல மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மாதிரி சர்வர் வகைக்கு மாறிடுங்க, நீங்க போட்ட டேபிள், கத்துக்கிட்ட எஸ்க்யூஎல் எல்லாம் கொஞ்சம் சின்ன மாத்தத்தோட அப்படியே உதவும். என்ன கேட்டா புதுசா ஆரம்பிக்கறவங்க போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கலாம், தப்பான தகவல அது அவ்ளோ சுலபமா உள்ள விடாது. மோங்கோடிபி (MongoDB) மாதிரி டேபிள் இல்லாத வகையும் இருக்கு, பேரு கேக்க மாங்கோ மாதிரி இருந்தாலும் நம்ம மண்டிக் கணக்குக்கு டேபிள்தான் பொருத்தம்.

வேகம் கொறஞ்சா இண்டெக்ஸ், அதாவது புக்ல பக்கம் தேட உதவுற அட்டவணை மாதிரி ஒண்ணு, போடுங்க. விவசாயி_எண்ண வெச்சு அடிக்கடி தேடுவீங்கன்னா அந்தக் காலத்துக்கு ஒரு இண்டெக்ஸ், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் டேபிள முதல் வரிசைலேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சுத்தான் தேடும். எல்லா காலத்துக்கும் போட்டா எழுதற வேகம் கொறையும், ஏன்னா ஒரு வரிசை சேத்தா எல்லா இண்டெக்ஸையும் சேத்துத் திருத்தணும். பிரைமரி கீக்கு தானாவே இருக்கும்.

அப்ளிகேஷன் எழுதுற பசங்களுக்கு ஒண்ணு: யூசர் அடிக்கிற பேர அப்படியே எஸ்க்யூஎல் வரிக்குள்ள ஒட்ட வெக்காதீங்க, தகவல் வர வேண்டிய இடத்துல கேள்விக்குறி போட்டு தகவல தனியா அனுப்புங்க. டி'சோசான்னு ஒரு பேரு வந்தாலே நடுவுல இருக்குற அந்த ஒத்தக் குறி கட்டளைய உடைச்சிடும், வேணும்னே கெடுக்க வர்றவன் அதே வழியா டேபிளயே அழிச்சிட்டுப் போவான். கணக்கு எழுதறவருக்கு ஒரு லாகின், சும்மா பாக்கறவருக்கு பாக்க மட்டும் உரிமை இருக்குற லாகின்னு பிரிச்சுக் குடுங்க, எல்லா உரிமையும் இருக்குற ரூட் லாகின் பாஸ்வேர்டு எல்லாருக்கும் வேணாம்.

பேக்அப் பத்தி நிறைய சொல்லணும், சீசன் நடுவுல ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா அது ஒரு ஊரோட கணக்கு. டேட்டாபேஸ் ஓடிட்டு இருக்கும்போது ஃபைல காப்பி பேஸ்ட் பண்ணினா பாதி எழுதின நிலைல காப்பி ஆகலாம், எஸ்க்யூலைட்ல டாட் பேக்அப் கட்டளை, மைஎஸ்க்யூஎல்ல மைஎஸ்க்யூஎல்டம்ப், போஸ்ட்கிரெஸ்ல பிஜி_டம்ப், இந்த மாதிரி அதுக்குன்னு இருக்குற வழியில எடுங்க. தினமும் சாயங்காலம் கல்லா கட்டும்போதே எடுத்துடுங்க, பென்டிரைவ்ல ஒண்ணு, மண்டிய விட்டு வெளிய, வீட்லயோ கூகுள் டிரைவ்லயோ ஒண்ணு, ஒரே மேஜ டிராயர்ல கம்ப்யூட்டரும் பென்டிரைவும் இருந்தா அது பேக்அப் ஆகாது. நேத்து எடுத்ததுக்கு மேலயே இன்னிக்கு எடுக்காதீங்க, தேதி போட்டு தனித்தனி ஃபைலா வைங்க, ஏன்னா தப்பு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்ணுல படும். மாசம் ஒரு தடவயாவது அந்த பேக்அப்ப வேற கம்ப்யூட்டர்ல ஏத்தி திறக்குதா, கடைசி சிட்டை இருக்கான்னு பாருங்க, திறந்து பாக்காத பேக்அப்ப நம்பவே முடியாது.

ஆரம்பிக்கும்போது நோட்ட உடனே மூடிடாதீங்க. ஒரு வாரத்து சிட்டைய எடுத்து டேட்டாபேஸ்ல போட்டு, ஒவ்வொரு நாளோட மொத்தக் கிலோவையும் மொத்தப் பணத்தையும் நோட்டோட ஒப்பிடுங்க. கிலோ சரியா இருந்து பணம் மட்டும் ஒதைக்குதுன்னா விலை போடாம நல்னு நிக்கிற லோடு இருக்கும், இல்லன்னா ரூபாய பைசாவா மாத்தாம அடிச்சிருப்பாங்க. கிலோவே ஒதைக்குதுன்னா ஒரே சிட்டை ரெண்டு தடவ ஏறியிருக்கும், சிட்டை நம்பர தனிக் காலமா வெச்சு யூனிக்னு போட்டுட்டா அடுத்த தடவ அத டிபிஎம்எஸ்ஸே தடுத்துடும். ரெண்டுமே சரியா இருந்து ஒரு ஆளோட பாக்கி மட்டும் இடிக்குதுன்னா அதே ஊர்ல அதே பேர்ல இன்னொருத்தர் இருக்காரான்னு விவசாயி டேபிள்ல தேடிப் பாருங்க.